சண்டைக்காரி நின்ற ஜாமீன்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளே, எக்ஸ்ரே படம் பார்க்க உங்களுக்கு நன்றாகவே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நுரையீரலில் எங்கே ஓட்டை, எவ்வளவு பெரிசு என்று படம் காட்டிவிடும். அந்த ஓட்டையோடு வந்த ஆள் பிழைப்பாரா என்று கேட்டால் படம் வாய் திறக்காது. அதற்கு ஆளைப் பார்க்க வேண்டும். ஆளைப் பார்த்தாலும் தப்பாகப் பார்க்கலாம், அதையும் சொல்கிறேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. ஆனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் நின்று நிதானித்துத்தான் சொல்வேன். இத்தனை வருஷம் கழித்தும் இதை நினைத்தால் எனக்கு மலைப்பு அடங்கவில்லை.

அறுபதுகளில் தென்காசியில் ஒரு சின்னக் காசநோய் கிளினிக்கில் வேலை பார்த்தேன். ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடக்க வேண்டாம், வீட்டிலிருந்தபடியே மாத்திரை தின்று குணமாகலாம் என்று அப்போதுதான் வந்திருந்தது. மாத்திரை வாங்கிப் போனவர்கள் அதைத் தின்கிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என் வேலை. ஊர் முழுக்க என்னை நர்சம்மா என்றார்கள். நான் நர்ஸ் இல்லை, ஆனாலும் யாரையும் திருத்தவில்லை. என்னைத் தெருமுனையில் கண்டதும் கதவைச் சாத்தாமல் இருந்தார்களே, அதுவே பெரிய காரியம். இன்னார் வீட்டுக்கு நான் போனேன் என்று தெரிந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் நடக்காது என்று இருந்த காலம் அது.

ஒரு வருஷத்துக்குக் குறையாமல் தின்ன வேண்டிய மாத்திரை. கசக்கும், வயிற்றைப் புரட்டும். இதில் பெரிய கண்டம் எது தெரியுமா? மூன்று மாதத்தில் உடம்பு தேறிவிடும். இருமல் நிற்கும், பசி எடுக்கும், கன்னம் பூசினாற்போல் ஆகும். உள்ளே கிருமி இன்னும் உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் மாத்திரையை விட்டவர்கள்தான் என் கண் முன்னால் அதிகம் போனார்கள். அப்போதெல்லாம் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வரும்.

எங்கள் டாக்டர் இந்த ஊர்க்காரர் இல்லை. அதிகம் பேச மாட்டார். புதிதாக ஒரு நோயாளி வந்தால் குழலை மார்பில் வைப்பதற்கு முன்னால், "வீட்டுல கோபம் வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்பார். வந்தவர்கள் திகைத்துப் போவார்கள். போலீசில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், "எனக்குக் கோவமே வராதுய்யா" என்றார். அவர் பெண்டாட்டி பின்னால் நின்றபடி அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். டாக்டர் இரண்டையும் கவனித்துக்கொண்டார்.

இந்தக் கேள்வி எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "மாத்திரையைத் தின்னப்போறது நுரையீரல் இல்லையே, ஆள்தானே?" என்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

ஒரே மாதத்தில் இரண்டு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருத்தி செண்பகம். இருபத்தைந்து வயது இருக்கும். புருஷன் ஆறுமுகம், மூன்று வயதில் பேச்சி என்று ஒரு மகள். தென்காசியில் குடியிருப்பு. சீசன் வந்துவிட்டால் குற்றாலத்தில் அருவிக்குப் போகிற பாதையில் எண்ணெயும் சீயக்காயும் விற்கக் கடை போடுவார்கள். டாக்டர் தன் கேள்வியைக் கேட்டதும் செண்பகம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எனக்கா? கோவம் வாசல் வரைக்கும் வரும் அய்யா. என் மூஞ்சியப் பாத்துட்டு, இவகிட்ட ஒண்ணும் நடக்காதுன்னு திரும்பிப் போயிரும்."

இன்னொருத்தி மீரா பாத்து. ஐம்பதை நெருங்கியவர். நெசவாளர் தெருவில் தனியாக இருந்தார். புருஷன் தறி நெய்தவர், இதே நோயில் போய்ச் சேர்ந்திருந்தார். இவர் மற்ற தறிகளுக்கு நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைத்து வந்தார். அதே கேள்விக்கு அவர் சொன்ன பதில் இது: "கோவம் வந்தாவா? அது எங்க போயிருக்கு, வரதுக்கு?"

அது நூற்றுக்கு நூறு உண்மை. குழாயடியில் சண்டை, கடையில் சண்டை, சொந்தக்காரர்களோடு பேச்சே கிடையாது. கிளினிக்கில் மாத்திரையைக் கையில் வாங்கியதும் மடியில் கொட்டி எண்ணுவார். "போன மாசம் மஞ்சளா இருந்துச்சு, இப்பம் வெள்ளையா இருக்கு. யாரு கண்ணுல மண்ணைத் தூவுதிய?" என்று கம்பவுண்டரைப் பிடித்துக்கொள்வார். கம்பெனி மாறியிருக்கிறது, மருந்து ஒன்றுதான் என்று டாக்டரே வந்து சொல்கிற வரைக்கும் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டார். நான் வீட்டுக்குப் போனால், "ஏன் நேத்து வரலை?" என்பார். மறுவாரம் ஒருநாள் முந்திப் போனால், "திருட்டுப் பிடிக்க வந்தியளோ?" என்பார். அந்த வீட்டை எப்போதும் கடைசிக்குத்தான் வைத்துக்கொள்வேன்.

செண்பகம் வீட்டுக்குப் போவதோ திருவிழாவுக்குப் போகிற மாதிரி. அவள் சிரிப்புச் சத்தம் தெருமுனையிலேயே கேட்கும். எதைச் சொன்னாலும், "சரி நர்சம்மா" என்பாள். "செண்பகம் நூறு வயசு இருப்பா. வாய்விட்டுச் சிரிச்சா நோய்விட்டுப் போகும்லா? அந்தப் பாத்தும்மா கோவத்துலேயே போய்ச் சேர்ந்துரும்" என்று கம்பவுண்டர் சொல்வார். நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். பெரிய ஜோசியம்! டாக்டர் மட்டும், "பார்ப்போம்" என்றார்.

மாதம் ஒருமுறை இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டி வரும். மீரா பாத்து பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். செண்பகம் ஒட்டி உட்கார்ந்து, "லாத்தா" என்று கூப்பிடுவாள். நெசவாளர் தெரு முஸ்லிம்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் மீரா பாத்து பெஞ்சில் இடம் போதவில்லை என்று அவளைத் திட்டு திட்டென்று திட்டினார். செண்பகம் முழுவதையும் கேட்டுவிட்டு, "நீங்க திட்டுதது எங்க அம்மை திட்டுத மாதிரியே இருக்கு லாத்தா. இன்னும் கொஞ்சம் திட்டுங்களேன்" என்றாள். மீரா பாத்துவின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. உடனே முகத்தை வெடுக்கென்று சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் மாத்திரை கட்டிக்கொண்டிருந்தேன், ஓரக்கண்ணால் பார்த்துவிட்டேன்.

ஆனி மாதம் பிறந்து சாரல் ஆரம்பித்தது. செண்பகம் குடும்பம் குற்றாலத்துக்குப் போய்விட்டது. சோதித்த சளியில் கிருமி தென்படவில்லை, ஆளும் தேறியிருந்தாள். மாத்திரையை விடாமல் தின்றால் போய்வரலாம் என்று டாக்டர் விட்டுவிட்டார். கொஞ்ச நாள் கழித்துப் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். பாதை முழுக்க ஈரமும் எண்ணெய் வாசனையும். இடுப்பில் துண்டோடு ஆண்கள் கூட்டம் கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். கீற்றுக்கொட்டகையில் செண்பகம் ஈரத்தலையோடு உட்கார்ந்து சீயக்காய்ப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திரை எங்க?" என்றேன்.

"பத்திரமா இருக்கு நர்சம்மா. சாமி படத்துக்குப் பொறத்தால வச்சிருக்கேன்."

"திங்கதுக்குக் குடுத்தா பொறத்தால வச்சிருக்கியா?"

"சீசன்லா! தினமும் அருவியில குளிக்கேன். மலையில உள்ள மூலிகை பூராத்தையும் கழுவிக்கிட்டுல்லா தண்ணி விழுது? அதுவும் மருந்து, இதுவும் மருந்து. ரெண்டு மருந்து ஒண்ணு சேரலாமா? ஒண்ணை ஒண்ணு முறிச்சுரும்லா? சாரல் முடியட்டும், ஒரு நாள் விடாம திங்கேன்."

இங்கேதான் நீங்கள் அவசரப்பட்டு, படிக்காத பெண், அலட்சியம் என்று எழுதிவிடுவீர்கள். எழுதாதீர்கள். எங்கள் பக்கத்தில் நாட்டு மருந்து தின்னும்போது வேறு மருந்தைத் தொடமாட்டார்கள். ஒரு மருந்துக்கு ஒரு பத்தியம், அது முடிந்துதான் அடுத்தது. அருவித் தண்ணீரை மருந்து என்று நம்புகிறவள் அந்தக் கணக்குப்படி சரியாகத்தான் நடந்திருக்கிறாள். மாத்திரையைத் தூக்கி எறியவில்லை, சாமிக்குப் பின்னால் மரியாதையாக வைத்திருக்கிறாள். நான் தொண்டை வறளச் சொன்னேன். "சரி நர்சம்மா" என்று என் கண் முன்னாலேயே எடுத்து விழுங்கினாள். கையில் ஒரு பொட்டலம் சீயக்காயும் வைத்து அழுத்தினாள். நான் பஸ் ஏறினதும் மாத்திரை மறுபடி படத்துக்குப் பின்னால் போய்விட்டது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இதே அருவிக் கதையை மீரா பாத்துவிடமும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "தண்ணிதான் மருந்துன்னா அருவியில கெடக்க மீனுக்குச் சாவே கெடையாதா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். யாரையும் நம்பாத குணம் அவரை அன்றைக்குக் காப்பாற்றியது. எல்லாரையும் நம்பி எல்லாவற்றுக்கும் சரி சொல்கிற குணம் செண்பகத்தைக் கவிழ்த்தது. மீரா பாத்துவிடம் ஒரு 'சரி' வாங்குவதற்குள் உயிர் போய்விடும், ஆனால் வாங்கிவிட்டால் அது கல்லில் வெட்டினது.

அதற்காக மீரா பாத்து நன்றாக இருந்தார் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஒரு வேளை மருந்து தவறியதில்லை. ஆனாலும் எடை ஏறவில்லை. உறக்கம் இல்லை. தனியாளுக்கு எதற்கு உலை வைக்க என்று பாதி நாள் டீத்தண்ணியோடு படுத்துவிடுவார். "மருந்து அதன் வேலையைச் செய்யுது, உடம்பு ஒத்துழைக்க மாட்டேங்குது" என்று டாக்டர் கவலைப்பட்டார்.

சாரல் ஓய்கிற நேரத்தில் ஒரு காலையில் ஆறுமுகம் செண்பகத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்குள் வந்தான். அவள் வாயில் பொத்தியிருந்த துணி நனைந்து சிவந்திருந்தது. அந்த நிலைமையிலும் அவள், "வெத்தல கொஞ்சம் கூடுதலாப் போட்டுட்டேன்யா" என்று டாக்டரைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பேச்சி அப்பனின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்டர் படம் எடுத்தார், பார்த்தார். முகம் இறுகிவிட்டது. இனி வெறும் மாத்திரை போதாது, ஊசியும் சேர்த்துப் போட வேண்டும். அந்த வருஷம் ஊசி மருந்துக்குப் பெரிய தட்டுப்பாடு. அலமாரியில் இருந்தது ஒரு ஆளுக்கு முழுசாகக் காணும், அவ்வளவுதான். அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அவர் ஆறுமுகத்தைப் பார்த்துப் பேசினார். குரல் உயரவில்லை. "இருக்கிறது ஒருத்தருக்குத்தான். இவளுக்குப் போட்டு, இவ மறுபடி பாதியில நிறுத்தினா கிருமிக்குத் திமிர் ஏறிடும். அதுக்கப்புறம் எந்த மருந்துக்கும் அடங்காது. இவளும் போவா, அடுத்து வாசல்ல வந்து நிற்கிறவங்களுக்கும் மருந்து இருக்காது. தினமும் ஊசிக்கு இங்க கூட்டி வரணும். மாத்திரைக்கு எதிர்ல நின்னு விழுங்க வைக்கணும். யார் பொறுப்பு?"

ஆறுமுகம் கையைக் கூப்பினான். விடிவதற்கு முன்னால் சரக்கெடுக்கப் போகிறவன், இருட்டினால்தான் திரும்புவான். அவனுக்கு அவளைக் கடிந்து பேசவும் வராது. அவள் சிரித்தால் இவனும் சிரித்துவிடுவான். எனக்கோ சுற்றுவட்டாரம் முழுக்க வீடுகள், ஒரே வீட்டுக்குத் தினமும் போக முடியாது. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். செண்பகத்தின் முகத்தில் அப்போதுதான் முதன்முதலாகச் சிரிப்பு இல்லாமல் போனது. அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை, வேறு யாரோ போல இருந்தாள்.

"நான் நிக்கேன் ஜாமீனு."

பெஞ்சின் கோடியிலிருந்து மீரா பாத்துவின் குரல் வந்தது. அன்றைக்கு மாத்திரை வாங்க வந்திருந்தவர் எழுந்து நின்று, தலையோடு போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"என்ன பாக்கிய? எனக்கு என்ன சோலி இருக்கு? காலையில போய் நிக்கேன். திங்காட்டா தொண்டைக்குள்ள விரலை விட்டுத் தள்ளுதேன். ஒரு நாள் தவறிச்சுன்னா எம் மாத்திரையையும் நிறுத்திக்கிடுங்க."

கம்பவுண்டர் என் காதோரம், "வேணாம்மா. ரெண்டாம் நாளே அடிபிடி வந்துரும், அந்தப் பிள்ளை இந்தப் பக்கமே திரும்பாது" என்றார். டாக்டர் என்னிடம் கேட்டார்: "ரெண்டு பேர் வீட்டுக்கும் போறவ நீதான். நீ சொல்லு."

பிள்ளைகளே, அன்றைக்கு முடிவு சொல்ல வேண்டியவள் நான். புத்தகத்தைப் புரட்ட நேரம் இல்லை, புத்தகத்தில் இதற்கு விடையும் இல்லை. ஊரில் ஒருத்தரோடும் ஒத்துப்போகாத ஒருத்தியிடம் ஒரு தாயின் உயிரை ஒப்படைக்கலாமா? பெஞ்சில் அன்றைக்கு அசைந்த உதடுதான் என் நினைவுக்கு வந்தது. ஊரே பயந்து ஒதுங்குகிற பெண்ணைப் பார்த்து இன்னும் கொஞ்சம் திட்டுங்கள் என்று கேட்டவள் செண்பகம் ஒருத்திதான். சண்டைக்குச் சளைக்காத ஒருத்திக்குத் திட்டினாலும் வருந்தாத ஒருத்தி.

"குடுக்கலாம் டாக்டர்" என்றேன்.

மறுநாளிலிருந்து நெசவாளர் தெருவிலிருந்து வெள்ளைத் துப்பட்டி புறப்பட்டது. முதல் வாரமே மாத்திரை முழுவதையும் பறிமுதல் செய்து தன் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். வாசற்படியில் நின்று, "வாயைத் தொற" என்பார். விழுங்கினதும், "நாக்கைத் தூக்குட்டி" என்பார். அதோடு அவளை ஊசிக்குக் கிளினிக்குக்கு ஓட்டிக்கொண்டு வருவார். செண்பகம் ஒருதரம் கன்னத்தில் ஒதுக்கி ஏமாற்றப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அந்தத் தெருவில் கேட்ட சத்தத்தில் ஆட்டுரலில் மாவாட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்களாம். பேச்சி மட்டும் பயப்படாமல் தானும் நாக்கைத் தூக்கிக் காட்டியது.

ஆவணிக் கடைசியில் வந்தது சோதனை. ஒரு செவ்வாய்க்கிழமை செண்பகம் வீட்டுக்குப் போனால் கதவில் பூட்டு. படியில் மீரா பாத்து கொதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அச்சன்புதூரில் செண்பகத்தின் அம்மா வீட்டுப் பக்கம் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. விடியற்காலையில் திடீரென்று ஆள் வந்து கூப்பிட, மூன்று பேரும் போய்விட்டார்கள். மாத்திரையோ மீரா பாத்துவின் சுருக்குப்பையில் இருந்தது.

"ஒரு நாள்தானே, நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஒரு நாள்தான்னு சொல்லாதிய" என்று எழுந்தார். "பஸ் எங்கன நிக்கும்?"

நானும் கூடப் போனேன். பஸ் ஆட்டத்தில் அவருக்குத் தலை சுற்றியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தவர், திடீரென்று பேச ஆரம்பித்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

"எங்க வீட்டு ஆளுக்கும் டாக்டரு மாத்திரை குடுத்துத்தான் இருந்தாரு நர்சம்மா. உடம்பு தேறுனதும் அவுக நிறுத்திட்டாக. ஒரு நாள்தானே, நாளைக்குத் திங்கேன்னு சொல்லுவாக. நான் சரிம்பேன். அவுக முன்னால எனக்குச் சத்தமே வராது. மருமவளா வந்த நாள்லேருந்து நான் ஒருத்தரையும் எதுத்துப் பேசுனது இல்ல. மீரா பாத்து வாயில்லாப் பூச்சின்னு தெருவே சொல்லும். அவுகளை எடுத்துட்டுப் போன அன்னைக்குத்தான் நான் மொதல்ல கத்துனேன். அப்புறம் நிறுத்த முடியல."

பிறவிக் குணம் பொங்கல் வைத்தாலும் போகாது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஊரே பிறவிக் குணம் என்று நினைத்த அந்தக் கோபம் பிறவியில் வந்ததே இல்லை. வாய் திறக்காமல் ஓர் உயிரை விட்டுக்கொடுத்துவிட்ட பெண், அதற்குப் பிறகு வாயை மூட மறுத்திருக்கிறாள். அதைத்தான் நான் அத்தனை மாதமும் சிடுசிடுப்பு என்று நினைத்து ஒதுங்கி ஒதுங்கிப் போயிருக்கிறேன். என் பக்கத்தில் இருந்த அந்த மெலிந்த உடம்பை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். கும்பிட வேண்டும் போல இருந்தது. பஸ்ஸில் எப்படிக் கும்பிடுவது? அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வெடுக்கென்று உருவிக்கொள்வார் என்று நினைத்தேன். உருவிக்கொள்ளவில்லை.

அச்சன்புதூரில் இறங்கினால் மேளச் சத்தம் காதை அடைத்தது. கோயிலைச் சுற்றி நெருக்கியடித்துக் கூட்டம், சாமியாடிக்கு வழிவிட்டு எல்லாரும் கைகட்டி நிற்கிறார்கள். நான் கூட்டத்தின் ஓரத்திலேயே தயங்கி நின்றுவிட்டேன். மீரா பாத்து நிற்கவில்லை. துப்பட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தார்.

"கொஞ்சம் தள்ளிக்கிடுங்க. மருந்து நேரம். ஏட்டி செண்பகம்! எங்கட்டி இருக்க?"

அந்தக் குரலுக்கு முன்னால் நையாண்டி மேளம் ஒரு தாளம் தடுமாறியது. கூட்டம் திரும்பிப் பார்த்தது, பிறகு தானாகப் பிளந்து வழிவிட்டது. நடுவில் மஞ்சள் சேலையோடு செண்பகம், கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மேளக்காரர் ஒருவர் தன் சொம்பை எடுத்து நீட்டினார். மாத்திரை வாய்க்குள் போயிற்று. அத்தனை சனத்துக்கு நடுவில் செண்பகம் கேட்காமலேயே நாக்கைத் தூக்கிக் காட்டினாள். அவள் கண்ணிலிருந்து கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "எங்க அம்மை கூட மாத்திரையத் தூக்கிக்கிட்டு எம் பின்னால இம்புட்டுத் தொலைவு வந்திருக்க மாட்டா லாத்தா" என்றாள். "வந்திருந்தா உன்னை வெளக்கமாத்தாலல்லா சாத்தியிருப்பா" என்றார் மீரா பாத்து. பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் சிரித்துவிட்டு, "தாயி, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார்.

அன்றைக்கே தென்காசிக்குத் திரும்பி ஊசியும் போட்டாயிற்று. அதற்குப் பிறகு செண்பகம் ஒரு வேளையும் தவறவில்லை. சாப்பாட்டு விஷயமும் அங்கேயிருந்துதான் தொடங்கியது என்று நினைக்கிறேன். காலையில் மாத்திரைக்காக வருகிறவரை வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டேன் என்று செண்பகம் பிடிவாதம் பிடித்தாள். ஆறுமுகம் இருட்டோடு எழுந்து இட்லி அவித்து வைத்துவிட்டுத்தான் சரக்குக்குப் போவான். மீரா பாத்து உப்பு இல்லை, காரம் இல்லை என்று திட்டிக்கொண்டே தின்பார். செண்பகம் சிரிப்பாள். மாதா மாதம் எடை பார்க்கும்போது முள் நகர ஆரம்பித்தது. "மெஷினு பொய் சொல்லுது" என்று மீரா பாத்து இறங்கி, மறுபடி ஏறினார். முள் அங்கேயேதான் நின்றது.

டாக்டர் அந்த எடையைத் தன் கையாலேயே அட்டையில் எழுதினார். பிறகு என்னிடம், "இத்தனை வருஷம் அந்தக் கேள்வியைக் கேட்டேனே, பாதிக் கேள்விதான் கேட்டிருக்கேன்" என்றார். மீதி என்ன என்றேன். "உங்க கோபத்தைத் தாங்கிக்க யார் இருக்காங்கன்னும் கேட்டிருக்கணும்." அடுத்த நோயாளியிலிருந்து அதையும் சேர்த்துக் கேட்டார்.

இதுதான் மருந்து, இதனால்தான் பிழைத்தார்கள் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். கிருமியைக் கொன்றது மாத்திரையும் ஊசியும்தான். உன் குணத்தால்தான் உனக்கு நோய் வந்தது என்று எந்த நோயாளியிடமும் சொல்லிவிடாதீர்கள், அது பாவம். குணம் என்பது அவரவர் உடம்புக்குள் கிடக்கிற சாமான், சிரிக்கிறவருக்கு ஆயுசு கெட்டி, சிடுசிடுப்பவருக்குக் குறைச்சல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒருத்தியின் கோபம் தெருவைத் தாண்டி நடந்து போய் இன்னொருத்தியின் உயிரைப் பிடித்து நிறுத்தியதையும், அவளுடைய சிரிப்பு இவருடைய இலையில் சோறாக விழுந்ததையும் இந்தக் கண்ணால் பார்த்தேன். அம்மாடி, மனுஷப் பிறவி என்ன பிறவி என்று அப்படியே நின்றுவிட்டேன்.

மீரா பாத்துவின் மருந்து முதலில் முடிந்தது. முடிந்த பிறகும் அவர் செண்பகம் வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. மறுவருஷம் செண்பகத்துக்கும் முடிகிற நாள் வந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆறிடுச்சு. இனி மாத்திரை வேண்டாம்" என்றார். செண்பகம் பேச்சியைத் தூக்கி, நோய் தொற்றிவிடும் என்று அத்தனை நாளும் தள்ளி வைத்திருந்த பிள்ளையை, மூச்சு முட்ட முத்தமிட்டாள். ஆறுமுகம் தேம்பிவிட்டான். ஜாமீன் நின்றவர் மட்டும் பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். சுருக்குப்பையின் கயிற்றை இழுப்பதும் தளர்த்துவதுமாக இருந்தார்.

"என்ன லாத்தா, சந்தோசமில்லையா?"

"அதெல்லாம் இருக்கு" என்றார். குரல் வழக்கமான குரலாக இல்லை. "நாளையிலேருந்து காலையில நான் யாருகிட்டட்டி சண்டை போட?"

செண்பகம் பேச்சியை இறக்கிவிட்டாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் அந்தத் தெருவில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் குடையை எடுத்துக்கொண்டு அந்த வழியாகத்தான் போனேன். சாரல் தென்காசி வரைக்கும் வந்து தூறிக்கொண்டிருந்தது. செண்பகம் வீட்டு வாசற்படியில் வெள்ளைத் துப்பட்டி நின்றது. மீரா பாத்து சுருக்குப்பையை அவிழ்த்து உள்ளேயிருந்து எதையோ எடுத்தார். மாத்திரைதான் தீர்ந்துவிட்டதே என்று எட்டிப் பார்த்தேன். சின்னதாக உடைத்த கருப்பட்டித் துண்டு.

"வாயைத் தொற."

செண்பகம் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

"நாக்கைத் தூக்குட்டி."

அவள் சிரிப்பை அடக்க முடியாமல் நாக்கைத் தூக்கிக் காட்டினாள். பேச்சியும் தன் பங்குக்கு வாயைத் திறந்துகொண்டு முன்னால் வந்து நின்றது. நான் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு அடுத்த வீட்டைப் பார்க்கப் போனேன்.